எண்ணூர் முதல் பழவேற்காடு வரை: வடசென்னைக் கடலோரச் சாலையில் இயற்கையைப் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரையும், அதைத் தாண்டிப் பழவேற்காடு வரையும் நீளும் கடலோரத்தைப் பற்றி அலுவலகத்திலும் உறவினர் வீடுகளிலும் என்னிடம் கேட்கப்படும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. திருவொற்றியூரில் குடியிருப்பதாலும், விடுமுறை நாட்களில் பறவைகளைப் பார்க்கக் கழிமுகத்துக்கும் ஏரிக்கும் போய்வருவதாலும் எனக்குத் தெரிந்தவற்றை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

எண்ணூர் பக்கம் போனா பாக்க என்ன சார் இருக்கு? எல்லாம் கம்பெனியும் கன்டெய்னர் லாரியும்தானே?

கம்பெனிகளும் லாரிகளும் இருக்கின்றன; அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் நேர்க்கோட்டில் நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான இந்தக் கடற்கரையில் திறந்த கடல், கொசஸ்தலை ஆறு வந்து சேரும் கழிமுகம், அலையாத்திக் காடு, உப்பளம், சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே மணல்மேடுகள், கடைசியாக ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருப்பவை போன்ற கேளிக்கைப் பூங்காக்களும் விடுதிகளும் இங்கே இல்லை. பார்க்க வேண்டியவற்றுக்குப் பெயர்ப் பலகையும் கிடையாது. எங்கே எப்போது நிற்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகிறவர்களுக்கே அவை கண்ணில் படும்.

ரோடு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது? ஒரே நேரா பழவேற்காடு வரைக்கும் போயிடலாமா?

முடியாது. எண்ணூர் விரைவுச்சாலை காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர், எர்ணாவூர் வழியாகக் கடலை ஒட்டியே வந்து, தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் என்னும் மீனவர் குடியிருப்புகளோடு நின்றுவிடுகிறது. அதற்கு வடக்கே ஆறு குறுக்கிடுகிறது. மறுகரைக்குப் போக வேண்டுமென்றால் திருவொற்றியூர்–பொன்னேரி சாலையில் மணலி புதுநகர், வல்லூர் வழியாக உள்ளே சுற்றித்தான் போக வேண்டும்.

வல்லூரைத் தாண்டியபின் இரண்டு வழிகள். ஒன்று, மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு; நம்பிப் போகக்கூடிய சாலை. மற்றொன்று, அத்திப்பட்டு புதுநகர் வழியாகக் கிழக்கே திரும்பிக் காட்டுப்பள்ளிக்குப் போய், அங்கிருந்து கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய மணல் நிலத்தின் மேல் வடக்கே செல்வது. இதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

வண்டி இல்லண்ணா. ட்ரெயின், பஸ்ஸுல போக முடியுமா?

தாராளமாகப் போகலாம். கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் செல்லும் புறநகர் ரயில் எண்ணூருக்கும் அத்திப்பட்டு புதுநகருக்கும் இடையே ஆற்றைக் கடக்கிறது. அந்தப் பாலத்தின் மேல் போகும்போது சன்னலோரம் உட்கார்ந்திருந்தாலே அலையாத்தித் திட்டுகளும் வலைபோடும் படகுகளும் தெரியும். பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பேருந்து கிடைக்கும். மெட்ரோவில் வருகிறவர்கள் விம்கோ நகரில் இறங்கி எண்ணூர்ப் பேருந்தில் ஏறலாம்.

எந்த மாசம் போனா நல்லா இருக்கும்?

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் முற்பாதி வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயில் ஏறுவதற்கு முன்பு வரும் இந்தக் காலத்தில்தான் வலசைப் பறவைகள் ஏரியில் நிறைந்திருக்கும், ஆமைகளும் கரையேறும். அக்டோபர், நவம்பரில் புயல் எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். ஏப்ரலுக்குப் பிறகு காலை எட்டு மணிக்கே மணல் காலைச் சுடும்.

எந்த மாதமானாலும் விடியற்காலையில் கிளம்புவதே சரி. கடலில் சூரியன் எழுவதைப் பார்ப்பது ஒரு காரணம். சாலையில் கனரக வாகனங்கள் குறைவாக இருப்பது மற்றொன்று. குழந்தைகளோடு இருசக்கர வாகனத்தில் போகிறவர்களுக்கு இந்த இரண்டாவது காரணம் முக்கியமானது. ஞாயிறு காலையைத் தவிர மற்ற நேரங்களில் விரைவுச்சாலையில் அப்படிப் போக வேண்டாம் என்றே சொல்வேன்.

திருவொற்றியூர்ல பீச்சே இல்லையே தம்பி, கல்லுதானே கொட்டி வெச்சிருக்கான்?

இந்தக் கேள்விக்கான பதிலைப் புரிந்துகொண்டால் இந்தச் சாலையில் பார்க்கும் பாதி விஷயங்கள் தாமாகவே விளங்கும் என்பதால் சற்று நீட்டிச் சொல்கிறேன். நம் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதி, மணலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே போகின்றன. வடகிழக்குப் பருவத்தில் அது திரும்பித் தெற்கே நகர்கிறது. ஆனால் முதல் காலம் நீண்டது. ஆண்டு முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் மணல் வடக்கே போவதுதான் மிகுதி.

1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர் கட்டத் தொடங்கியபோது இந்த ஓட்டம் மறிக்கப்பட்டது. சுவருக்குத் தெற்கே வந்த மணல் அங்கேயே தேங்கியது. இன்று மெரினா அவ்வளவு அகலமாக இருப்பது அதனால்தான். சுவருக்கு வடக்கே இராயபுரத்திலும் அதற்கப்பாலும் அலைகள் இருந்த மணலை எடுத்துச் சென்றன. ஈடுசெய்யப் புது மணல் வரவில்லை. ஊரும் சாலையும் கடலுக்குள் போகாமல் இருக்கத்தான் பாறைகளைக் கொட்டினார்கள். மெரினாவின் மணலில் ஒரு பங்கு வடசென்னைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய மணல் என்பதை மெரினாவில் சுண்டல் சாப்பிடும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இதை நேரில் பார்க்கவும் முடியும். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கும் பாறை வரிசைகளைத் தூண்டில் வளைவு என்பார்கள். கரையில் நின்று ஒரு தூண்டில் வளைவின் இரு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தெற்குப் பக்கத்தில் மணல் உயர்ந்து, ஆட்கள் உட்காரும் அளவுக்குக் கரை இருக்கும். வடக்குப் பக்கத்தில் தண்ணீர் பாறையின் அடிவரை வந்து மோதிக்கொண்டிருக்கும். அலை பின்வாங்கும் கணத்தில் பாறைகளின் ஈரப் பகுதியில் கொட்டலசுகள் என்னும் சிறு ஓட்டுயிர்கள் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருப்பதையும், சிறு நண்டுகள் இடுக்குகளுக்குள் ஓடி மறைவதையும் காணலாம். பாசி படிந்த பாறைமேல் ஏற வேண்டாம். வழுக்கினால் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை.

முகத்துவாரம், முகத்துவாரம்ங்கறாங்களே, அங்க நின்னு என்னத்தப் பாக்கணும்?

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை முதலில் பாருங்கள். கடல் ஏறும்போது உப்புநீர் ஆற்றுக்குள் புகும். வற்றும்போது ஆற்றுநீர் வெளியேறும். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்றாலும், உள்ளே விரிந்து கிடக்கும் உப்பங்கழி முழுவதும் இந்த மூச்சில்தான் வாழ்கிறது. கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் ஏற்றநீரோடு உள்ளே வந்து, கழியின் சேற்றில் வளர்ந்து, பருவம் வந்ததும் கடலுக்குத் திரும்புகின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதியாக இருக்கும்.

வற்றம் முடியும் நேரத்தில் சென்றால் சேற்றுத் திட்டுகள் வெளியே தெரியும். உள்ளான்களும் கொக்குகளும் அங்கேதான் இரை பொறுக்கும். ஆலாக்கள் என்னும் கடற்பறவைகள் தண்ணீருக்கு மேல் ஓரிடத்தில் நின்று சிறகடித்து, செங்குத்தாக விழுந்து மீனைக் கவ்விக்கொண்டு எழும். கழுத்தளவுத் தண்ணீரில் கைகளால் துழாவி இறால் பிடித்து, வாயில் கவ்விய கூடைக்குள் போடும் இருளர் பெண்களையும் ஆண்களையும் இங்கே பார்க்கலாம். அது அவர்களுடைய அன்றாடப் பிழைப்பு. கேமராவை நீட்டும் முன் அனுமதி கேளுங்கள்.

அலையாத்திக் காடு பிச்சாவரத்துலதானே இருக்கு? எண்ணூர்லயுமா?

எண்ணூரிலும் இருக்கிறது. பிச்சாவரம் அளவுக்கு அடர்ந்ததோ பரந்ததோ அன்று. ஆற்றின் இரு கரைகளிலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் திட்டுத் திட்டாக நிற்கும் காடு. பெரும்பாலும் வெண்கண்டல் மரங்கள். ஒரு மரத்தருகே குனிந்து பார்த்தால், சேற்றிலிருந்து விரல் நீளத்தில் நூற்றுக்கணக்கான வேர்கள் மேல்நோக்கி முளைத்திருக்கும். சேற்றுக்குள் காற்று புகாது என்பதால் மரம் மூச்சுவிடுவதற்காக மேலே அனுப்பியிருக்கும் வேர்கள் அவை. முதிர்ந்த இலையைத் திருப்பி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியாக வெளியேற்றுகிறது. மூச்சுவேர்களை மிதித்துக்கொண்டு உள்ளே நடக்கக் கூடாது. கரையில் நின்றாலே போதுமான அளவுக்குத் தெரியும்.

ஆத்துல சாம்பல் கலக்குது, எண்ணெய் கொட்டுச்சுன்னு நியூஸ்ல வந்துச்சே. அங்க போறது உடம்புக்கு நல்லதா?

செய்திகள் உண்மைதான். அனல்மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகக் கழியில் படிந்து, ஆழமாக இருந்த இடங்களைத் தூர்த்திருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டதில் எண்ணெய் கடலில் கலந்து எர்ணாவூர்க் கரையெங்கும் ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்துக்குள் எண்ணெய் புகுந்து படகுகள், வலைகள், அலையாத்தி வேர்கள் எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. கூழைக்கடாக்கள் கறுத்த இறகுகளோடு நின்றதை மறக்க முடியவில்லை.

கரையில் நின்று பார்த்துவிட்டு வருவதால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீரில் இறங்கிக் குழந்தைகளை விளையாட விடுவதுதான் கூடாது. சேறாகிவிட்ட ஊர் என்று ஒதுக்கிவிடுவதை நான் ஏற்க மாட்டேன். பார்க்க ஆளில்லாத இடத்தில்தான் கழிவைக் கொட்டுவது எளிது.

பழவேற்காட்டுக்குப் போன வருஷம் போனோம் மாமா, ஒரு ஃபிளமிங்கோ கூட கண்ணுல படல. எங்கதான் நிக்கும்?

பூநாரைகளைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் படகுத்துறையில் நின்று பார்த்துவிட்டு வருகிறவர்கள். ஏரியின் பெரும்பகுதி ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது; தமிழ்நாட்டுக்கு உரியது தென்கோடியில் உள்ள சிறு பகுதி மட்டுமே. பூநாரைக்கு முழங்காலளவுத் தண்ணீரும் கலங்கிய சேறும் வேண்டும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீருக்குள் வைத்து, நாக்கால் நீரை உறிஞ்சித் தள்ளிச் சிற்றுயிர்களை வடிகட்டித் தின்னும் பறவை அது. அதன் இளஞ்சிவப்பு நிறமும் அந்த இரையிலிருந்து வருவதுதான். நல்ல மழை பெய்த ஆண்டில் ஏரி நிறைந்து நின்றால் வழக்கமான இடங்களில் பூநாரைகள் இறங்க மாட்டா. தண்ணீர் வடியத் தொடங்கிய பிறகே கூட்டம் சேரும். ஏரியின் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் இந்த நீர்மட்டக் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

ஆகவே ஜனவரி நடுப்பகுதிக்கு மேல் போங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் பார்க்க வேண்டுமானால் ஏரியின் மேற்குக் கரையில் உள்ள அண்ணாமலைச்சேரி நல்ல இடம். ஒரு முழு நாள் ஒதுக்க முடிந்தவர்கள் புறநகர் ரயிலில் சூலூர்ப்பேட்டை வரை சென்று, அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா நோக்கி ஏரியின் குறுக்கே போகும் சாலையில் பார்க்கலாம். இரு பக்கங்களிலும் பூநாரை, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, ஊசிவால் வாத்து என்று கண்ணுக்கு ஓய்வே இருக்காது. பறவைகளை எழுப்பிப் பறக்கவிட்டுப் படமெடுப்பது மட்டும் வேண்டாம். ஒவ்வொரு முறை எழும்போதும் அவை இரை தேடும் நேரத்தை இழக்கின்றன.

பைனாகுலர் கட்டாயம் வேணுமா?

பூநாரைக்கு வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்துக்கு வெறுங்கண்ணே போதும்.

பழவேற்காட்டுல போட்ல முகத்துவாரம் வரைக்கும் கூட்டிட்டுப் போவாங்களாமே, போலாமா?

போக வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்தவர்கள் சென்ற படகு அங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. ஏரியின் பெரும்பகுதி ஒரு மீட்டர் அளவு ஆழமே உள்ளது என்பதால் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். ஆபத்து இருப்பது ஏரியில் அன்று, முகத்துவாரத்தில். வெளியேறும் நீரோட்டமும் உள்ளே வரும் அலையும் மணல்திட்டின் மேல் எதிரெதிரே மோதும்போது அலை திடீரென்று செங்குத்தாக எழும். பிறந்ததிலிருந்து படகோட்டுகிறவர்களே அந்த இடத்தில் நேரம் பார்த்துத்தான் கடக்கிறார்கள்.

கடல்ல குளிக்கலாமா? ஓரமா கால் நனைச்சா பரவால்லயா?

இந்தச் சாலை நெடுகிலும் குளிப்பதற்கு ஏற்ற இடம் ஒன்றுகூட இல்லை. தூண்டில் வளைவுகளை ஒட்டித் தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும்; பாறைகளுக்கு நடுவே உள்ள சின்ன மணல் துண்டில் அமைதியாகத் தெரிவதை நம்பி இறங்கியவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள். முகத்துவாரங்களின் நிலை மேலே சொன்னதே. கணுக்காலளவு நிற்பது போதும். தவறி இழுப்பில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும்.

ஆமை முட்டை போடறத பசங்களுக்குக் காட்டணும். செத்த ஆமைதான் கெடக்குது, ஏன்?

பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கரையேறி, ஒரு குழியில் நூறு முட்டைகள் அளவுக்கு இட்டு, மூடிவிட்டுத் திரும்பிவிடும். தனியாகப் போய்த் தேடுவது சரியன்று. கைவிளக்கு வெளிச்சம் பட்டாலே ஆமை முட்டையிடாமல் திரும்பிவிடக்கூடும். வனத்துறையோடு சேர்ந்து தன்னார்வலர்கள் இரவு நடை நடத்துகிறார்கள், அவர்களோடு போங்கள். பாறை கொட்டிய கரையில் ஆமைக்கு இடமில்லை என்பதால் திருவொற்றியூரில் எதிர்பார்க்க முடியாது. மணல் எஞ்சியுள்ள வடபகுதிகளில்தான் வாய்ப்பு.

ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். இழுவை வலைக்குள் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூச்சடைத்து இறந்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரைகளில் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. இறந்த ஆமையைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். எங்கே, எந்த நாளில் என்ற குறிப்பு அவர்களுக்குப் பயன்படும். குழந்தைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. காரணத்தைச் சொல்லிக் காட்டலாம்.

ராத்திரியில அலை நீலமா மின்னுதாமே, எண்ணூர்ல தெரியுமா?

நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் பெருகும்போது அலை உடையும் இடத்தில் நீல ஒளி தோன்றும். 2019 ஆகஸ்டில் சென்னையின் தென்பகுதிக் கரைகளில் பலரும் பார்த்தார்கள். முன்கூட்டியே நாள் குறிக்க முடியாது. தொழிற்சாலை விளக்கொளியில் எண்ணூரில் மங்கலாகத்தான் தெரியும். இருட்டான குப்பத்துக் கரைகளில் வாய்ப்பு அதிகம்.

சங்கு, கொடி ஏதாச்சும் எடுத்துட்டு வரலாமா? மீன் வாங்கலாமா?

உயிருள்ள எதையும் எடுக்காதீர்கள். கடல்குதிரைகள் அனைத்தும், சில சங்கு வகைகளும் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. மணல்மேட்டில் ஊதாப் பூவோடு படரும் அடும்பையும் முள்ளுருண்டைகளோடு நிற்கும் இராவணன் மீசையையும் பிடுங்க வேண்டாம். காற்றில் பறக்கும் மணலைப் பிடித்துவைத்து மேட்டைக் கட்டுவது அவற்றின் வேர்களே. நெய்தல் நிலத்தின் பூ என்று பள்ளியில் படித்த அடும்பு இதுதான் என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

மீன் வாங்கலாம். பழவேற்காட்டில் காலையில் மடவை, கிழங்கான், இறால், பச்சை நண்டு கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்றாலும், ஏரியிலும் கரையோரத்திலும் சிறுபடகு மீன்பிடி நடக்கும்.

மேப்புல காட்டுப்பள்ளியிலேர்ந்து நேரா பழவேற்காட்டுக்கு ரோடு காட்டுது. கடலோரமா போலாம்ல? ஏன் எல்லாரும் வேணாம்ங்கறாங்க?

காளாஞ்சி, கருங்காலி, கோரைக்குப்பம், வைரவன்குப்பம் வழியாகப் பழவேற்காட்டுக் கலங்கரை விளக்கம் வரை போகும் அந்தச் சாலை, இந்தப் பயணத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது. வலப்பக்கம் கடல், இடப்பக்கம் உப்பங்கழி. காலையில் கடலில் எழும் சூரியன் மாலையில் ஏரிக்குள் இறங்குவதை ஒரே நிலத்தில் நின்று பார்க்கலாம். ஆனால் திருவொற்றியூர் மணலைப் பற்றி மேலே சொன்னது அப்படியே இங்கேயும் நடக்கிறது. 2001-இல் காமராஜர் துறைமுகமும் பிறகு அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தபின், வடக்கு நோக்கிய மணல் அங்கே மறிக்கப்படுகிறது. அதற்கு அப்பால் உள்ள கரை அரிக்கப்படுகிறது. கடல் சீறும் நாட்களில் அலை சாலையைத் தாண்டி மணலைக் கொண்டுவந்து கொட்டிவிடுகிறது. சில இடங்களில் தார் தெரியாமலே போய்விடும்.

இந்த ஒடுங்கிய நிலம் உடைந்தால் என்ன ஆகும் என்பதுதான் இங்குள்ள மீனவர்களின் கவலை. கடலையும் ஏரியையும் பிரித்து வைத்திருப்பது இந்த மணல்தான். அது போனால் ஏரியின் உப்பும் ஆழமும் மாறும், இறால் வளரும் சேறு மாறும். ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலைபோடலாம் என்று தலைமுறைகளாகப் பிரித்துக்கொள்ளும் பாடு முறைக்கும் பொருளில்லாமல் போகும். துறைமுக விரிவாக்கத்தை அவர்கள் எதிர்ப்பது இதனால்தான். அந்த எதிர்ப்பு நியாயமானது என்பது என் கருத்து.

போகலாமா என்று கேட்டால், கடல் அமைதியாக இருக்கும் பிப்ரவரி, மார்ச்சில் போகலாம். புயல் சின்னம் இருக்கும்போதும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் காற்று பலமாக இருக்கும்போதும் வேண்டாம். காட்டுப்பள்ளியில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தி, "கோரைக்குப்பம் வரைக்கும் ரோடு திறந்திருக்கா?" என்று கேட்டுவிட்டு மேலே செல்லுங்கள். மணல் மூடியிருக்கிறது என்றால் காரைத் திருப்பி மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போய்விடுங்கள். துறைமுகங்கள், மின்நிலையங்கள், ஸ்ரீஹரிகோட்டா ஆகியவை அருகில் இருப்பதால் டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ராக்கெட் ஏவும் நாளாக இருந்தால் கலங்கரை விளக்கத்துக் கரையிலிருந்தே அது எழுவது தெரியும். அன்றைக்குப் படகுகள் கடலுக்குப் போகாததால் மீன் மட்டும் கிடைப்பது கடினம்.